மேம்பாலத்தில் கார் ஏற்றியாச்சு, வெள்ளத்துக்குத் தயாராகியாச்சா?

முடிச்சூர் மூர்த்தி | மாலை 6.40

நம் மன்றத்தின் பக்கத்து விவாதத் திரியில் வேளச்சேரிக்காரன் தம்பி நேற்று எழுதியதை அப்படியே எடுத்துப் போடுகிறேன். “2015 வெள்ளத்தில் நமக்கு ஒன்றும் தெரியாது. இன்றைக்குச் சென்னைக்காரனைப் போல ஆபத்துக்குத் தயாராக இருப்பவன் இந்தியாவிலேயே கிடையாது. ரெட் அலர்ட் என்றதும் மேம்பாலத்தில் காரை ஏற்றி நிறுத்தினோமே, அதைவிட என்ன சாட்சி வேண்டும்?” இதற்கு 43 லைக் வேறு. படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

தம்பி, கார் தயார், சரி. வீட்டில் இருக்கிற ஆட்கள்? 2015 டிசம்பர் 1 ராத்திரி நான் வாசலில் டார்ச் அடித்தபடி தெருவையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன், தண்ணீர் கேட்டுக்கு ஒரு அடி வெளியே நிற்கிறது, இதற்கு மேல் வராது என்று பக்கத்து வீட்டுக்காரருக்குத் தைரியம் வேறு சொல்கிறேன். உள்ளேயிருந்து மனைவி கத்துகிறாள். பாத்ரூம் ஓட்டையிலிருந்து குபுகுபுவென்று கறுப்புத் தண்ணீர். வெள்ளம் வாசல் வழியாக வருவதற்கு முன்னால் கக்கூஸ் வழியாக வரும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அரை மணி நேரத்தில் முழங்கால் அளவு. கேஸ் சிலிண்டர் மிதந்து வந்து அடுப்படிக் கதவில் டங் டங் என்று இடிக்கிறது. அப்பாவின் இன்சுலின் ஃபிரிட்ஜுக்குள், ஃபிரிட்ஜ் மல்லாந்து கிடக்கிறது. மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று என் மகனுக்குத் தெரியவில்லை, அவன் அப்போது மின்னியல் மூன்றாம் ஆண்டு.

சென்னைக்காரன் தேர்ந்துவிட்டான் என்கிறவர்கள் கூகுள் பார்க்காமல் சொல்லுங்கள். மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் எண் என்ன? உங்கள் தெருவில் தனியாக இருக்கிற வயதானவர்கள் எத்தனை பேர்?

வேளச்சேரிக்காரன் | மாலை 7.05

வந்துட்டார் மூர்த்தி சார். மெட்ரோ திரி, தெருநாய்த் திரி, இப்போது இது. நான் என்ன எழுதினாலும் தனித்திரி திறக்கிறீர்களே, என் மேல் அவ்வளவு பாசமா?

2023 மிக்ஜாம் புயலில் என் கார் இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்ததும் அவசரப்பட்டுச் சாவியைத் திருப்பினேன், எஞ்சின் போச்சு. இன்ஷூரன்ஸில் “எஞ்சின் புரொடெக்ட் எடுக்கவில்லையே சார்” என்று கைவிரித்துவிட்டார்கள். அப்படி அடிபட்டவன் 2024 அக்டோபரில் ரெட் அலர்ட் வந்த அன்றைக்கு ராத்திரி பத்து மணிக்கே மேம்பாலத்தில் ஏற்றி, ஹேண்ட்பிரேக் போட்டு, சரிவான இடம் என்பதால் பின்சக்கரத்துக்கு ஒரு செங்கலும் முட்டுக்கொடுத்துவிட்டு நடந்து வீட்டுக்கு வந்தேன். இதற்குப் பெயர் முன்னெச்சரிக்கை இல்லை என்றால் வேறு என்ன? பட்டுத் தெரிந்துகொள்வதும் தயார்நிலைதான்.

முடிச்சூர் மூர்த்தி | மாலை 7.11

செங்கலா?

அந்தச் செங்கலைத் திரும்ப எடுத்தீர்களா, இல்லை பாலத்திலேயே விட்டுவிட்டு வந்தீர்களா? நேர்மையாகச் சொல்லுங்கள்.

வேளச்சேரிக்காரன் | மாலை 7.14

இவ்வளவு எழுதியிருக்கிறேன், உங்களுக்குச் செங்கல்தான் கண்ணில் படுகிறதா?

முடிச்சூர் மூர்த்தி | மாலை 7.22

ஆமாம், படுகிறது. ஏனென்றால் மறுநாள் அந்தப் பாலத்தில் பைக்கில் வருகிறவன் கண்ணில் அது படாது. நூறு கார் நின்றால் இருபது பேராவது கல் முட்டுக்கொடுத்திருப்பார்கள். காரை எடுத்துக்கொண்டு போகிற அவசரத்தில் எத்தனை பேர் இறங்கிக் கல்லைப் பொறுக்கியிருப்பார்கள்? என் காருக்கு ஆபத்து வரக்கூடாது, அடுத்தவன் மண்டை உடையட்டும். இதைத்தான் நீங்கள் தயார்நிலை என்கிறீர்கள். நான் சொல்ல வந்தது முழுக்க அந்த ஒரு செங்கலில் இருக்கிறது.

ஓஎம்ஆர் 14வது மாடி | மாலை 7.40

இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை. தரைத்தளத்திலும் தனிவீட்டிலும் இருப்பதால்தான் இந்தப் பாடெல்லாம். கேட்டட் கம்யூனிட்டியில் ஜெனரேட்டர், செக்யூரிட்டி, கடை எல்லாமே உள்ளேயே இருக்கிறது. மிக்ஜாமில் நாங்கள் மேலேயிருந்து வேடிக்கைதான் பார்த்தோம். திட்டமிட்டு வீடு வாங்குவதுதான் முதல் தயாரிப்பு.

முடிச்சூர் மூர்த்தி | மாலை 7.48

உங்கள் ஜெனரேட்டர் எந்த மாடியில் இருக்கிறது சார்?

ஓஎம்ஆர் 14வது மாடி | மாலை 7.55

பேஸ்மெண்ட்டில். ஏன்?

முடிச்சூர் மூர்த்தி | இரவு 8.03

சும்மா கேட்டேன். அப்புறம் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார்? அதுவும் பேஸ்மெண்ட்டாகத்தான் இருக்கும். சம்ப், அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி? அதுவும் கீழேதான். பேஸ்மெண்ட்டில் தண்ணீர் இறங்கினால் லிஃப்ட் போச்சு, மோட்டார் போச்சு, சம்ப்பில் சாக்கடை கலந்தாச்சு. 14 மாடி இறங்கி ஒரு கேன் தண்ணீரைத் தோளில் வைத்து ஏறிப் பாருங்கள், வேடிக்கை யார் பார்க்கிறார்கள் என்று தெரியும். மிக்ஜாமில் காரப்பாக்கத்தில் ஆமிர் கானையே படகில்தான் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவரும் விஷ்ணு விஷாலும் மாட்டிக்கொண்டதால் அது செய்தி. நீங்களும் நானும் மாட்டினால் வாட்ஸப் ஸ்டேட்டஸ்.

ஓஎம்ஆர் 14வது மாடி | இரவு 8.06

எங்கள் அசோசியேஷனில் பம்ப் வைத்திருக்கிறோம் சார். உங்களுக்கு எல்லாமே கிண்டல்.

வியாசர்பாடி வாசுகி | இரவு 8.20

நானும் ரொம்ப நேரமாகப் படிக்கிறேன். கார், லிஃப்ட், ஜெனரேட்டர். சென்னை என்றால் கிண்டிக்குத் தெற்கேதான் என்று முடிவே செய்துவிட்டீர்களா? எங்கள் கணேசபுரம் சுரங்கப்பாதை ஒரு மணி நேர மழைக்கே நிறைந்துவிடும், எந்த டிவிக்காரனும் வரமாட்டான். வேளச்சேரி பாலத்தில் நாலு கார் நின்றால் நாடே பேசுகிறது.

செங்கல் என்றதும்தான் எழுத வந்தேன். ஐப்பசி பிறந்தால் எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜுக்கு நாலு காலிலும் இரண்டிரண்டு செங்கல், கட்டிலுக்கு மும்மூன்று. ரேஷன் கார்டு, ஆதார், பத்திரம், பிள்ளைகளின் மார்க்‌ஷீட் எல்லாவற்றையும் பால் கவரில் சுற்றி, அரிசி டப்பாவில் போட்டு, பரண் மேல். அம்மா காலத்திலிருந்து இப்படித்தான். இதற்குத் தயார்நிலை என்றெல்லாம் நாங்கள் பெயர் வைக்கவில்லை, லைக்கும் கேட்கவில்லை.

முடிச்சூர் மூர்த்தி | இரவு 8.27

மேடம் சொல்வதுதான் சரி. பாருங்கள் தம்பி, அதுவும் செங்கல்தான். ஆனால் வீட்டுக்குள் இருக்கிறது.

வியாசர்பாடி வாசுகி | இரவு 8.30

உங்கள் கட்சியில் என்னைச் சேர்க்காதீர்கள் சார். 2015-ல் எங்கள் பக்கத்து ஆட்களும் காசிமேட்டு மீனவர்களும் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு தெற்கே ஓடி வந்தார்கள். மறு வருஷம் டிசம்பர் 12 வர்தா புயலில் எங்கள் தெருவில் மரம் விழுந்து நாலு நாள் கரண்ட் இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஆள் வந்து எட்டிப் பார்த்தாரா? நான் இன்னும் மறக்கவில்லை.

முடிச்சூர் மூர்த்தி | இரவு 8.38

வர்தாவில் எங்களுக்கும் கரண்ட் இல்லை மேடம். அதுவும் எந்த நேரம்? பண மதிப்பிழப்பு அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, கையில் சில்லறை நோட்டே இல்லை, கரண்ட் இல்லாததால் ஏடிஎம்மும் கார்டு மிஷினும் செத்துக் கிடந்தன. மளிகைக் கடை அண்ணாச்சி நோட்டில் எழுதிக்கொண்டு கொடுத்ததால் சாப்பிட்டோம். இன்றைக்கு ஜிபே இல்லாமல் நூறு ரூபாய் கையில் வைத்திருக்கிறவர்கள் இந்தத் திரியில் எத்தனை பேர்? வேளச்சேரித் தம்பி, பர்ஸைத் திறந்து பாருங்கள். அப்படியே செங்கலுக்கும் பதில்.

வேளச்சேரிக்காரன் | இரவு 8.44

340 ரூபாய் இருக்கிறது. போதுமா?

ஏரிக்கரைப் பொறியாளர் | இரவு 9.02

தனிமனிதத் தயாரிப்பு என்று பேசுவதே திசைதிருப்பல். 2015-ல் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். அது மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்று தணிக்கைத் துறை அறிக்கையே சொல்லிவிட்டது. முடிச்சூர் மூழ்கியதும் அதனால்தான். ஏரியைத் திறக்கிறவன் சொல்லாமல் திறந்தால், நீங்கள் மெயின் சுவிட்சைத் தேடி என்ன பிரயோசனம்?

முடிச்சூர் மூர்த்தி | இரவு 9.15

பெயரில் பொறியாளர் இருக்கிறது, வரைபடம் பார்க்கிற வழக்கம் இல்லை போலிருக்கிறது. செம்பரம்பாக்கத்து உபரி நீர் திருநீர்மலைப் பக்கம் வந்துதான் அடையாற்றில் கலக்கிறது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே, ஆற்றின் மேற்புறத்தில் இருக்கின்றன. எங்களை மூழ்கடித்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிறைந்து வந்த தண்ணீர். அன்றைக்குத் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் ஆட்கள் செம்பரம்பாக்கத்தைத் திட்டினால் அதில் நியாயம் இருக்கிறது. நான் திட்டினால் ஆறு பின்னால் ஓட வேண்டும்.

அன்றிலிருந்து இதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எந்தத் தண்ணீர் எங்கிருந்து தன் வீட்டுக்கு வரும் என்று தெரியாதவன் எப்படித் தயாராவான்? வேளச்சேரிக்குத் தண்ணீர் ஆற்றிலிருந்து வரவில்லை. சுற்று வட்டாரத்து ஏரிகளின் தண்ணீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போக வேண்டும், அங்கே இடமில்லை, திரும்பித் தெருவுக்கு வருகிறது. ஏரி இருக்கிற ஊரில் வீடு வாங்கிவிட்டு பாலத்தில் கார் ஏற்றுகிறார்கள்.

ஏரிக்கரைப் பொறியாளர் | இரவு 9.21

முடிச்சூரை விடுங்கள், என் அடிப்படைக் கருத்து மாறவில்லை. 29,000 கன அடி.

முடிச்சூர் மூர்த்தி | இரவு 9.22

கருத்து மாறவில்லையா? ஊரையே மாற்றி வைத்துவிட்டுக் கருத்து மாறவில்லையாம்.

ஏரிக்கரைப் பொறியாளர் | இரவு 9.24

29,000 கன அடி சார். அதற்கு மேல் நான் பேச ஒன்றுமில்லை.

வேளச்சேரிக்காரன் | இரவு 9.35

ஏரி இருக்கிற ஊர் என்று நக்கல் அடித்தீர்களே, பாட்டன் காலத்தில் யார் ஏரியை மூடினார்களோ, இஎம்ஐ நான் கட்டுகிறேன். அந்த ராத்திரி பாலத்தின் மேல் நின்றபோது எப்படி இருந்தது தெரியுமா? வரிசையாகக் கார்கள், எல்லோரும் குடும்பத்தோடு, ஒருவர் தெரியாத ஆளுக்கு ரிவர்ஸ் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார், கீழே டீக்கடைக்காரர் கேனோடு மேலே ஏறி வந்துவிட்டார். முதல் தடவையாக இந்த ஊரில் ஜனங்கள் மழைக்கு முன்னால் நகர்ந்தார்கள் சார், மழைக்குப் பின்னால் இல்லை. அது உங்களுக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அபராதம் போட்டதாகக் கிளப்பிவிட்டார்கள், போலீஸே அதை மறுத்தது. உங்களுக்கு மட்டும்தான் குற்றமாகத் தெரிகிறது.

முடிச்சூர் மூர்த்தி | இரவு 9.47

அபராதத்தைப் பற்றி நான் பேசவே இல்லை. செங்கலைப் பற்றிப் பேசினேன். மூன்றாவது தடவை கேட்கிறேன், எடுத்தீர்களா?

காரோடு எல்லாரும் நகர்ந்தார்கள், சரி. உங்கள் தெருவில் கார் இல்லாதவர்கள்? கீழ்த்தளத்துப் பாட்டியை மேல்மாடியில் யார் வீட்டில் வைப்பது என்று அன்று ராத்திரி பேசினீர்களா? பால் பாக்கெட் பத்து வாங்கினீர்களே, அது பேசினீர்களா? மிக்ஜாமின்போது ஆவின் பாலை இரண்டு மடங்கு விலைக்கு விற்றார்கள் என்று திட்டினோம். விற்றவன் ஒருவன், வீட்டில் பத்துப் பாக்கெட் அடுக்கியவன் யார்?

வேளச்சேரிக்காரன் | இரவு 9.52

நாலு பாக்கெட். என் குழந்தைக்கு இரண்டு வயது. நான் பத்து வாங்கினேன் என்று எங்கே படித்தீர்கள்?

வியாசர்பாடி வாசுகி | இரவு 9.58

நாலு பாக்கெட் கிடைத்ததா? கொடுத்து வைத்தவர்.

புது உறுப்பினர் மதுரை | இரவு 10.10

எல்லோருக்கும் வணக்கம். அக்டோபரில் சென்னைக்கு வேலைக்கு வருகிறேன், தங்க பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு தரைத்தள வீடு பார்த்திருக்கிறேன். வாடகை குறைவு. முன்னேற்பாடாக என்னென்ன வாங்கி வைக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஓஎம்ஆர் 14வது மாடி | இரவு 10.12

வாடகை ஏன் குறைவு என்று ஓனரிடம் கேட்டீர்களா?

முடிச்சூர் மூர்த்தி | இரவு 10.30

தம்பி, முதலில் அந்த வீட்டுச் சுவரைப் பாருங்கள். புதிதாக இடுப்பு உயரத்துக்கு மட்டும் பெயிண்ட் அடித்திருந்தால் ஓடி வந்துவிடுங்கள். மீட்டர் பெட்டி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தெருமுனையில் ஈபி பில்லர் பாக்ஸ், அதாவது மின்வாரியப் பெட்டி, எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, தண்ணீர் தேங்கினால் அந்தப் பக்கமே போகாதீர்கள். வாங்குவதெல்லாம் அப்புறம். பாத்ரூம் ஓட்டைக்கும் கக்கூசுக்கும் மணல் மூட்டை, அதாவது பழைய அரிசிப் பையில் மணல், இரண்டு போதும். பக்கத்து வாட்ச்மேன் நம்பர், மேல்மாடிக்காரர் நம்பர் இரண்டையும் பேப்பரில் எழுதிப் பர்ஸில் வையுங்கள், போன் செத்துவிடும். 1913 மாநகராட்சி, 1070 மாநிலம், 1077 மாவட்டம். நாலு மணி நேரமாகப் போகிறது, நான் கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை, கவனித்தீர்களா? இவர்கள்தான் இந்தியாவிலேயே தயாரானவர்கள்.

வேளச்சேரிக்காரன் | இரவு 10.36

எங்களுக்குத் தெரியும், உங்கள் பரீட்சையை எழுத விருப்பமில்லை. 112 அடித்தால் போதும்.

முடிச்சூர் மூர்த்தி | இரவு 10.41

2023 அக்டோபரில் எல்லார் போனிலும் ஒரே நேரத்தில் கிர்ர்ரென்று சத்தத்தோடு சோதனை எச்சரிக்கை வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு இதே மன்றத்தில் ஒரு திரி ஓடியது, “அந்தச் சத்தத்தை எப்படி நிறுத்துவது?” என்று. செட்டிங்ஸில் எங்கே போய் அணைப்பது என்று படத்தோடு விளக்கியவர் யார்? வேளச்சேரிக்காரன். நான் எதையும் அழிப்பதில்லை, எல்லாம் சேமித்து வைத்திருக்கிறேன்.

வேளச்சேரிக்காரன் | இரவு 10.44

சார், உங்கள் வீட்டில் உங்களுக்கு வேறு வேலையே இல்லையா? அலுவலக மீட்டிங்கில் சத்தம் வந்தது, அதனால் போட்டேன். மறுபடியும் ஆன் செய்துவிட்டேன்.

முடிச்சூர் மூர்த்தி | இரவு 10.45

செங்கலைத் திரும்ப எடுத்த மாதிரியா?

நெறியாளர் | இரவு 10.50

நண்பர்களே, தலைப்போடு ஒட்டிப் பேசுங்கள். தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம்.

முடிச்சூர் மூர்த்தி | இரவு 10.52

செங்கல்தான் ஐயா தலைப்பு.

ஓஎம்ஆர் 14வது மாடி | இரவு 10.58

ஒன்று சொல்ல வேண்டும். அந்த ரெட் அலர்ட் நாளில் மழையே பெரிதாகப் பெய்யவில்லை. பள்ளிக்கூடம் லீவு, ஆபீஸ் வீட்டிலிருந்து, கடைசியில் வெயில். கார் ஏற்றியவர்களைப் பார்த்து ஊரே சிரித்தது.

வேளச்சேரிக்காரன் | இரவு 11.03

சிரித்தவர்கள் சிரிக்கட்டும். காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வடக்கே நகர்ந்தது எங்கள் தப்பா? அடுத்த மாதம் ஃபெஞ்சல் புயல் வந்தபோது மறுபடியும் ஏற்றினேன். அடுத்த முறையும் ஏற்றுவேன்.

வியாசர்பாடி வாசுகி | இரவு 11.08

இதை மட்டும் நானும் ஒத்துக்கொள்கிறேன். மழை வராத நாளில் தயாரானவனைக் கிண்டல் செய்தால், அடுத்த தடவை அவன் நகர மாட்டான். எங்கள் தெருவிலும் அப்படித்தான், இரண்டு தடவை ஸ்கூலுக்கு மூட்டை கட்டிக்கொண்டு போய்த் திரும்பினோம், மூன்றாவது தடவை யாரும் கிளம்பவில்லை, அன்றைக்குத்தான் தண்ணீர் வந்தது. ஆனால் கார்க்காரர் அதே நாளில் கார் இல்லாதவரையும் யோசித்திருக்கலாம்.

முடிச்சூர் மூர்த்தி | இரவு 11.14

நானும் அதைத்தானே ஆறரை மணியிலிருந்து சொல்கிறேன்.

வியாசர்பாடி வாசுகி | இரவு 11.15

நீங்கள் ஆறரை மணியிலிருந்து செங்கலைத்தான் சொல்கிறீர்கள்.

வேளச்சேரிக்காரன் | இரவு 11.20

சரி, உங்கள் நிம்மதிக்காகச் சொல்கிறேன். எடுத்தேன். டிக்கியில் போட்டேன். வீட்டு வாசலில் செருப்பு ஸ்டாண்டுக்கு முட்டாக இருக்கிறது. இதோ படம் போட்டிருக்கிறேன், பார்த்துவிட்டுப் போய்த் தூங்குங்கள்.

முடிச்சூர் மூர்த்தி | இரவு 11.31

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது சாம்பல் கல். நீங்கள் செங்கல் என்றுதான் எழுதியிருந்தீர்கள், 7.05 பதிவில் இருக்கிறது.

ஏரிக்கரைப் பொறியாளர் | இரவு 11.34

இப்போதெல்லாம் அதையும் செங்கல் என்றுதான் சொல்கிறார்கள் சார்.

முடிச்சூர் மூர்த்தி | இரவு 11.35

முடிச்சூரையும் செம்பரம்பாக்கத்துக்குக் கீழே என்றுதான் சொல்கிறார்கள்.

புது உறுப்பினர் மதுரை | இரவு 11.40

அண்ணே, மணல் மூட்டைக்கு ஆற்று மணலா, எம்-சாண்டா?